நாலு மணி டீச்சர்

எங்கள் டீச்சருக்கு ஒரு பேச்சைச் சும்மா போக விடத் தெரியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸின் கண்டக்டர், “ஏறுங்க ஏறுங்க, வண்டி இப்போ கிளம்பிடும்” என்று கத்துவார். எல்லாரும் பேசாமல் ஏறி உட்காருவார்கள். டீச்சர் மட்டும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “அப்படி இல்லைங்க. டிரைவர் டீக்கடையில நிக்கிறார். டீ இன்னும் அவர் கைக்கே வரலை. கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லுங்க, நாங்க ஏறிக்கிறோம்” என்பார். ஒரு கண்டக்டர் இவர் தலை தெரிந்தாலே விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார், பேச்சே வேண்டாம் என்று. கல்யாண வீட்டில் யாராவது பெரியவர்கள் “நூறு வருஷம் நல்லா இருக்கணும்” என்று வாழ்த்தினால்கூட டீச்சரின் உதடு லேசாக அசையும். அந்த ஒரு இடத்தில்தான் அடக்கிக்கொள்வார்.

எனக்கு அவர் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துக்கொண்டு எழுதினால் வரிக்கு வரி அது எட்டிப் பார்க்கும். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். போன வருஷம் அங்கேயே இறந்துபோனார் என்று சேதி வந்தது. செத்துப்போனவர் மேல் என்ன பொறாமை என்று என் கணவர் கேட்கிறார். நான் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவரிடம் இருந்தது என்னுடைய பொருள்.

இருபத்தைந்து வருஷம் இருக்கும். அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. எனக்குத் தில்லை நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். எங்கள் மகள் தாரிணிக்கு மூன்று வயது. அவளை, பெருமாள் புறப்பாடு வருகிற வீதி ஒன்றில், ஒரு வீட்டில் நடந்த க்ரீச்சில் விட்டிருந்தோம். போர்டு கிடையாது, பதிவு கிடையாது. ஒரு வீட்டுக்கார அம்மா, ஒரு ஆயா, கூடம் நிறையப் பிள்ளைகள். வீதியில் நாலு பேர் நல்லபடியாகச் சொன்னார்கள். தரை பளிச்சென்று இருந்தது, சுவரில் சாமி படம் இருந்தது. அதற்கு மேல் யார் என்ன கேட்டார்கள்? அந்த வீதி வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலில் நின்றால் கொல்லை தெரியாது.

டீச்சரின் மகன் ரூபனும் அங்கேதான் இருந்தான். டீச்சர் திருச்சி ஊருக்குள் ஒரு மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கெல்லாம் க்ரீச்சுக்கு வந்துவிடுவார். எனக்கு ஆபீஸ் முடிந்து, காவேரிப் பாலத்து நெரிசலைத் தாண்டி வர, விளக்கு வைத்துவிடும். நாலு மணிக்கு வந்தவர் நாலு மணிக்கே மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் இல்லையா? கிளம்ப மாட்டார். தாரு விட மாட்டாளாம். “அத்தை, அத்தை” என்று மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாளாம். நான் அரக்கப் பரக்கப் போய்ச் சேரும்போது பாதி நாள் டீச்சர் அந்தக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் என் பெண் இருப்பாள். பக்கத்தில் ரூபன் தேமே என்று எதையாவது உருட்டிக்கொண்டிருப்பான்.

காலையில் நான் தாருவுக்கு ரெட்டைக் குடுமி போட்டு அனுப்புவேன். சாயங்காலம் பார்த்தால் ஒற்றைப் பின்னல்.

“அவிழ்ந்துபோச்சாங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அப்படி இல்லைங்க,” என்றார் டீச்சர். “நான்தான் அவிழ்த்தேன். ரொம்ப இறுக்கிப் போட்டிருந்தீங்க. தலையைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தா.”

வேறு யாராக இருந்தாலும் “ஆமாங்க, அவிழ்ந்துபோச்சு” என்று சொல்லி என்னை மானத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவருக்கு அது வராது. என் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு வீடு வரும்வரை தாரு, அத்தை அப்படிச் சொன்னாங்க, அத்தை இப்படிச் செஞ்சாங்க என்று பாடிக்கொண்டே வருவாள். நான் ஹாரனை அழுத்துவேன். சாப்பிட்டதும் தூங்கிவிடுவாள். எனக்குக் கிடைத்தது காலையும் ராத்திரியும்தான். காலையில் பாலைக் குடி, காலை நீட்டு, அழாதே. ராத்திரி தூங்குகிற முகம். விளையாடுகிற தாரு, வாய் ஓயாமல் பேசுகிற தாரு, எல்லாம் டீச்சர் பங்குக்குப் போயிற்று.

அன்றைக்கு ரூபனுக்குக் காய்ச்சல். டீச்சர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். சாயங்காலம் புறப்பாடு இருந்தது. தெருமுனையில் மேளம் கேட்டுவிட்டால் அந்த வீதியில் ஒருவரும் உள்ளே இருக்க மாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வாசலுக்கு ஓடி வருவார்கள். அப்படித்தான் வீட்டுக்கார அம்மாவும் ஆயாவும் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு பெருமாளைச் சேவிக்க வாசலுக்கு வந்தார்கள். தாரு உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவள் எழுந்து, ஆள் இல்லாத கூடத்தைப் பார்த்துவிட்டு, திறந்து கிடந்த கொல்லைக் கதவு வழியாக வெளியே போயிருக்கிறாள். கொல்லையில் கார்ப்பரேஷன் தண்ணீர் பிடித்து வைக்கிற சிமெண்டுத் தொட்டி இருந்தது, தரையோடு தரையாக. மூடி இல்லை. பெருமாள் அடுத்த வீதிக்குத் திரும்பிய பிறகுதான் உள்ளே வந்து தேடினார்கள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. டீச்சராக இருந்தால் எழுதியிருப்பார்.

எங்கள் வீட்டில் ஜனம் கூடியிருந்தது. டீச்சரும் வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். ரூபனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று யாரோ அவரிடம் மெதுவாகக் கேட்பது என் காதில் விழுந்தது. விட்டுடுச்சுங்க என்றார். அந்தக் காய்ச்சல் என் பெண்ணுக்கு வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இருந்திருந்து ஒரு காய்ச்சல் மேல் பொறாமைப்பட்டவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

லால்குடியிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே, “குழந்தைக்கு ஆயுசு அவ்வளவுதான்டி. பெருமாளே வாசலுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டார். நம்ம கையில என்ன இருக்கு?” என்றார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

“அப்படி இல்லைங்கம்மா,” என்று சுவரோரமிருந்து குரல் வந்தது. “கொல்லைக் கதவு திறந்து கிடந்துச்சு. தொட்டிக்கு மூடி இல்லை. கதவைத் தாழ் போட்டிருந்தா தாரு இப்போ இருந்திருப்பா. பெருமாள் மேல பழியைப் போடாதீங்க.”

பெரியம்மாவுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. “யாருடி இது? சாவு வீட்டுல வந்து வாயாடிக்கிட்டு!”

என் கணவர் டீச்சரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் ஆத்திரம்தான். அவருக்கென்ன, பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கிறான், வாய் வரத்தான் செய்யும் என்று மனதுக்குள் வைதேன். ஆனால் வந்தவர்கள் எல்லாம் போன பிறகு என்னிடம் மிஞ்சியது அவர் சொன்னது ஒன்றுதான். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். பெற்றவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய பேச்சு அது. அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு டீச்சர் வேறு ஆளாகிவிட்டார் என்று சொல்வார்கள். இல்லை, அதே ஆள்தான். பஸ் கண்டக்டரிடம் செய்ததை ஊர் முழுவதும் செய்ய ஆரம்பித்தார், அவ்வளவுதான். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்களே, அங்கே மனுவோடு நிற்பார். க்ரீச் என்று வைத்தால் பதிவு செய்ய வேண்டும், கொல்லைக் கதவுக்குப் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் தாழ் வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு வைத்த மூடி வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் போகக் கூடாது, ஒருத்தராவது உள்ளே இருக்க வேண்டும். ஒரு அதிகாரி, “விபத்துக்கு யாரும்மா என்ன பண்ண முடியும்?” என்று கேட்டிருக்கிறார்.

“அப்படி இல்லைங்க சார். மழை பெய்யறது நம்ம கையில இல்லை. தொட்டியை மூடறது நம்ம கையிலதான் இருக்கு,” என்றாராம் டீச்சர்.

அவருடைய கைப்பையில் சீப்பு இருக்குமோ இருக்காதோ, புதுத் தாழ்ப்பாள் ஒன்றும் திருப்புளியும் எப்போதும் இருக்கும். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கி வைத்துக்கொள்வார். க்ரீச் நடக்கிற எந்த வீட்டுக்கும் அவர் வாசல் வழியாகப் போனதில்லை. கொல்லைச் சந்து வழியாகத்தான் போவார். அதுவும் சாதாரண நாளில் போக மாட்டார். வீதியில் ஏதாவது சத்தம் இருக்கிற நாளாகப் பார்த்துப் போவார். புறப்பாடு, கட்சி ஊர்வலம், கல்யாண பேண்டு, பறை அடித்துக்கொண்டு போகிற சாவு ஊர்வலம், எதுவானாலும் சரி. ஊரே முன்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இவர் பின்பக்கக் கதவுகளைத் தள்ளிப் பார்த்துக்கொண்டு போவார்.

“ஏம்மா, பெருமாள் வர்ற நேரத்துல கொல்லைப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை?” என்று ஒரு வீட்டுக்காரர் அதட்டினாராம்.

“எனக்கு இந்தப் பக்கம்தாங்க வேலை. பாருங்க, உங்க கதவு திறந்து கிடக்கு,” என்று சொல்லிவிட்டு, அவர் கையிலேயே தாழ்ப்பாளைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, திருகாணியை முடுக்க ஆரம்பித்திருக்கிறார். கிறிஸ்துவப் பொம்பளைக்கு நம்ம உற்சவத்தில் என்ன என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவருடைய சொந்தக் கோயில் தேர்பவனி அன்றைக்கும் அவர் தேருக்குப் பின்னால் போகவில்லை, சந்துக்குள்தான் இருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பங்குச் சாமியாரே, “டீச்சர், மாதா இந்தப் பக்கம் வர்றாங்க, நீங்க எங்கே போறீங்க?” என்று கேலி செய்வாராம்.

சில க்ரீச்சுகள் பதிவு செய்து போர்டு மாட்டின. சில மூடிவிட்டன. சில, இவர் தலை தெரிந்தால் மட்டும் தாழ் போட்டன. தாரு இருந்த வீட்டில் க்ரீச் மறுபடி நடக்கவே இல்லை. இதையெல்லாம் நான் என் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் எந்த மனுவிலும் கையெழுத்துப் போடவில்லை, எந்தச் சந்துக்குள்ளும் நடக்கவில்லை. அந்த வீதி இருக்கிற திசைக்கே போக மாட்டேன். அவரால் போக முடிகிறதே என்று எரிந்தேன். போக முடிகிறது, ஏனென்றால் அவர் அங்கே எதையும் தொலைக்கவில்லை.

ஒரு தடவை பத்திரிகையில் அவர் படம் வந்தது. கையில் திருப்புளியோடு. கீழே, ‘குழந்தையைப் பறிகொடுத்த ஆசிரியையின் போராட்டம்’ என்று போட்டிருந்தார்கள். ஆபீஸில் என் மேஜையில்தான் அந்தப் பத்திரிகை கிடந்தது. பக்கத்து சீட்டுப் பெண், “பாவங்க இந்தம்மா” என்றாள். என் துக்கத்தைக்கூட விட்டு வைக்கவில்லை என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே டீச்சர் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். வேர்த்து வழிந்தது. பத்திரிகை ஆபீஸுக்குப் போய்விட்டு நேரே வருகிறார்.

“அவங்க தப்பா போட்டுட்டாங்கங்க. அப்படி இல்லைங்க, என் பையன் நல்லா இருக்கான், இழந்தது இவங்கன்னு உங்க பேரைச் சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்குத் திருத்தம் போடறாங்களாம்,” என்றார்.

மறுநாள் எட்டாம் பக்கத்தின் ஓரத்தில் என் பெயர் எறும்பளவு எழுத்தில் வந்தது. என் பையன் நல்லா இருக்கான் என்று அவர் சொன்னது மட்டும் என் காதில் பெரிய எழுத்தில் இருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூட லீவு விட்டதும், பொன்மலையில் ஒரு சின்ன ஹாலில் டீச்சர் ஒரு கூட்டம் போடுவார். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து வருவார்கள். க்ரீச் வேனில் தூங்கிப்போன பிள்ளையைக் கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போன கதை ஒன்று. ஆயா கொடுத்த நிலக்கடலை தொண்டையில் சிக்கிய கதை ஒன்று. ஆனால் அந்தக் கதைகளை அங்கே யாரும் சொல்லக் கூடாது. மாலை போட்ட படம் கொண்டுவரக் கூடாது. மெழுகுவத்தி கூடாது. ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் பிள்ளை செய்த ஒரு குறும்பைச் சொல்ல வேண்டும். அதுதான் கூட்டம்.

“நல்ல குழந்தை, தங்கமான குழந்தைன்னு சொன்னா எல்லாக் குழந்தையும் ஒண்ணாயிடுதுங்க,” என்பார் டீச்சர். “குறும்புலதான் அது அதுவா இருக்கும்.”

முதல் சில வருஷம் என் கணவர் மட்டும் போனார். வரும்போது ஏதாவது கொண்டுவருவார். “தாரு சாம்பார் சாதத்தை உருட்டி ரூபன் சட்டைப் பையில போட்டுடுவாளாமே, உனக்குத் தெரியுமா?” என்பார் சிரித்துக்கொண்டே.

“யார் சொன்னா?”

“டீச்சர்தான்.”

என் பெண் எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் வருகிற பலகாரம் மாதிரி வந்துகொண்டிருந்தாள். இரண்டு வாய் இருக்கும். கிண்ணம் காலியானால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும்.

பொறுக்க முடியாமல் ஒரு வருஷம் நானே போனேன். கைலாசபுரத்திலிருந்து வந்த ஒருவர், தன் மகன் தினமும் ஹெல்மெட்டுக்குள் ஒரு இட்லியை வைத்துவிடுவான், தலையில் கவிழ்த்த பிறகுதான் தெரியும் என்றார். மண்ணச்சநல்லூர்க்காரம்மா, தன் மகள் அப்பாவின் புது வேட்டியை ஆட்டுக்கு ஊட்டிவிட்ட கதையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. பால், ஷூ, ரெட்டைக் குடுமி, தூக்கம். இவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

“எங்க தாரு ரொம்பச் சமத்துங்க,” என்றேன்.

“அப்படி இல்லைங்க,” என்றார் டீச்சர்.

அத்தனை பேர் முன்னால். அவரை அறியாமல் வந்திருக்கும், பழக்க தோஷம். ஆனால் வந்துவிட்டது. பிறகு அவரே தொடர்ந்தார். “சமத்தே கிடையாதுங்க. ஆயா கண்ணாடியைக் கழட்டி மேல வச்சா, எடுத்துத் தானே போட்டுக்கிட்டு, எல்லாப் பிள்ளையையும் வரிசையா உட்கார வச்சு, ‘வாயை மூடு, வாயை மூடு’ன்னு மிரட்டுவா.” டீச்சர் அப்படியே செய்து காட்டினார். ஹால் குலுங்கியது. என் கணவர்கூடச் சிரித்தார். நான் நின்றது நின்றபடி நின்றேன். என் பெண் அங்கே உயிரோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தம்மாவின் கையிலும் முகத்திலும் இருந்தாள். எனக்கு அவளைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது.

திரும்பும்போது டீச்சரும் எங்கள் பஸ்ஸில்தான் வந்தார். பஸ் காவேரிப் பாலத்துக்கு முன்னாலேயே நெரிசலில் நின்றுவிட்டது. இறங்கிப் பாலத்தில் நடந்தோம். என் கணவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு டீச்சரைப் பிடித்துக்கொண்டேன்.

“என் பிள்ளையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறீங்களா டீச்சர்? உங்களுக்கு உங்க பையன் இருக்கான். என் பொண்ணோட சாயங்காலமெல்லாம் உங்ககிட்ட இருக்கு. அழறதுக்குக்கூட எனக்குன்னு ஒண்ணும் விட்டு வைக்கலையே நீங்க!”

போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி இல்லைங்க என்பார் என்று நினைத்தேன், மேலும் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். ஆற்றில் மணல்தான் இருந்தது.

“ஆமாங்க,” என்றார். “இருக்கு.”

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு நான், வெட்கத்தை விட்டுத்தான், கேட்டேன். “கூட்டத்துல சொல்லாதது ஏதாவது இருக்கா?”

டீச்சர் யோசித்தார். இருப்பதை இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. “ஒண்ணு இருக்குங்க. சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

“பரவாயில்லை, சொல்லுங்க.”

“பிள்ளைங்க செருப்பெல்லாம் கூடத்து ஓரத்துல வரிசையா இருக்கும்ல. நாலு மணி ஆச்சுன்னா ஒவ்வொருத்தரா கிளம்புவாங்க. தாரு போய் யாரோட செருப்புலயாவது ஒண்ணை மட்டும் எடுத்து ஒளிச்சு வச்சிடுவா. சுருட்டி வச்ச பாய்க்குள்ள. அந்தப் பிள்ளையோட அம்மா தேடு தேடுன்னு தேடுவாங்க. இவ கூடவே சுத்திச் சுத்தித் தேடுவா, ஒண்ணும் தெரியாத மாதிரி. அதிகமா ஒளிச்சது ரூபனோடதுதான்.”

“எதுக்கு ஒளிச்சா?”

“எல்லாரும் போயிட்டா அவ மட்டும்தானேங்க இருப்பா,” என்றார் டீச்சர். “நீங்க வர்ற வரைக்கும்.”

வேறு யாராக இருந்தாலும் கடைசியில் சொன்னதை விழுங்கியிருப்பார்கள். நான் பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் அழுதேன். டீச்சர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அழுது முடித்ததும், “இதை யாருக்கும் சொல்லாதீங்க டீச்சர்” என்றேன். “சரிங்க” என்றார்.

அந்த வருஷம் முழுவதும் அந்தச் செருப்புதான் எனக்குத் துணை. ஆபீஸில், சமையற்கட்டில், பஸ்ஸில், மறுபடி மறுபடி அந்தக் கூடத்துக்குப் போனேன். செருப்பு வரிசை, பாய், சுற்றிச் சுற்றித் தேடுகிற என் பெண். முதலில் டீச்சர்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகப் போக அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிட்டு நான் நின்றேன்.

அடுத்த கூட்டத்துக்குத் துறையூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு தம்பதி வந்திருந்தார்கள். டீச்சர் வழக்கம் போல எல்லாரையும் அறிமுகம் செய்தார். “இவங்க தாரிணியோட அம்மா. தாரிணி என் பையனோட க்ரீச்சுல இருந்த குழந்தை. இவங்க ஆபீஸ் முடிச்சு வர விளக்கு வச்சுடும், நான் நாலு மணிக்கே போயிடுவேன். அதனால எனக்கும் குழந்தையைத் தெரியும்.” ஒவ்வொரு வருஷமும் இதே வாக்கியம்தானாம். தனக்கு எவ்வளவு உரிமை என்று கணக்காகச் சொல்லிவிடுவார்.

என் முறை வந்தது. எழுந்தேன்.

“நாலு மணிக்கு நான் போவேன்,” என்று ஆரம்பித்தேன்.

முன் வரிசையில் மண்ணச்சநல்லூர்க்காரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். என் கணவர் என் புடவைத் தலைப்பைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை.

“பிள்ளைங்க எல்லாம் கிளம்புற நேரம். நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். தாரு என்னைப் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி போய், ஒரே ஒரு செருப்பை எடுத்து ஒளிச்சு வச்சிடுவா. அப்புறம் எல்லாரோடயும் சேர்ந்து அவளும் தேடுவா. நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிப்பேன்.”

சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. நாலு மணிக்குப் போனது யார் என்று அந்த ஹாலில் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குக்கூடத் தெரியும். எல்லார் பார்வையும் டீச்சர் பக்கம் திரும்பியது. பஸ் கண்டக்டரை விடாதவர், சாவு வீட்டில் பெரியம்மாவை விடாதவர், கலெக்டர் ஆபீஸை, பத்திரிகையை விடாதவர். டீச்சரின் உதடு அசைந்தது. அது எப்போது அசையும் என்று எனக்குத் தெரியும். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்புறம்?” என்றார் டீச்சர். “செருப்பு கிடைச்சுதாங்க?”

“கிடைச்சுது டீச்சர். சுருட்டி வச்ச பாய்க்குள்ள. உங்க ரூபனோட செருப்பு.”

டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“அப்படியா!” என்றார். “எனக்கு இது தெரியவே தெரியாதுங்களே.”